நமக்கு வலமா, நாய்க்கு வலமா

என் வீட்டுக்காரருக்கு இடது எது, வலது எது என்று தெரியாது. கல்யாணமான பதினோராம் நாள் இதைக் கண்டுபிடித்தேன். வாடகைக்கு வீடு பார்க்கப் போயிருந்தோம். தெருவில் வலது பக்கம் மூன்றாவது வீடு என்று தரகர் சொல்லியிருந்தார். இவர் விறுவிறுவென்று இடது பக்கம் மூன்றாவது வீட்டுக்குள் நுழைந்து, சமையலறையைச் சுற்றிப் பார்த்து, இடம் போதாது போலிருக்கிறதே என்று அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பத்திடமே குறை சொன்னார். அவர்கள் மிரண்டுபோய் இவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

இதில் குற்றம் முழுக்க அவருடையது என்று சொல்ல மாட்டேன். பிறந்ததிலிருந்தே இடது கைப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் டீச்சர், எழுதுகிற கைதான் வலது கை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். வீட்டில் என் மாமியார், எந்தக் கையால் வேண்டுமானாலும் எழுதிக்கொள், சாப்பாடு மட்டும் இந்தக் கையால்தான் என்று விடாப்பிடியாகப் பழக்கி, சோத்துக்கைதான் வலது கை என்று சொல்லியிருக்கிறார். மற்ற பிள்ளைகளுக்கு எழுதுகிற கையும் சோத்துக்கையும் ஒன்றே. இவருக்கு அது வேறு, இது வேறு. டீச்சர் பேச்சைக் கேட்பதா, அம்மா பேச்சைக் கேட்பதா என்று ஐந்து வயதில் விழித்தவர், நாற்பத்தாறு வயதிலும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். அடையாளத்துக்கு ஒரு கையில் கடிகாரம் கட்டிவிட்டேன். குளிக்கக் கழற்றியவர் மறு கையில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அதோடு விட்டுவிட்டேன். வண்டியில் போகும்போது நாங்கள் இடம் வலம் பேசுவதில்லை. "என் பக்கம்", "உங்க பக்கம்" என்றுதான் வழி சொல்வேன்.

வெளியே யாருக்கும் இது தெரியாது. தெரியவிடாமல் பார்த்துக்கொள்வதில் மட்டும் ஆள் படு கெட்டி. யாராவது வழி கேட்டால் வாயால் சொல்ல மாட்டார், கூடவே நடந்து போய்க் காட்டிவிட்டு வருவார். எவ்வளவு தங்கமான மனுஷன் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இவர் பிழைப்புக்கு எடுத்துக்கொண்ட தொழில் வளர்ப்பு நாய்களைப் படம் பிடிப்பது. மருந்துக்கடை மாடியில் இரண்டு அறை. முன் அறையில் மேசை, கம்ப்யூட்டர், பிரிண்டர், சுவர் நிறைய நாய்கள். பின் அறையில் மேலிருந்து தரை வரை தொங்கும் சாம்பல் நிறத் துணி, இரண்டு குடை விளக்குகள், நாய் ஏறி உட்கார ஒரு தாழ்வான பெட்டி. முதலில் மனிதர்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். மனிதர்கள் தங்கள் படத்தைப் பார்த்து மூக்கு பெரிதாக விழுந்துவிட்டது, கழுத்து மடிந்துவிட்டது என்று உயிரை வாங்குவார்கள். ஒரு முறை ஒருவர் கூடவே தன் நாயை அழைத்து வந்தார். இவர் சும்மா அதையும் ஒரு படம் எடுத்தார். தன் படத்தைத் திருப்பிக் கொடுத்த அந்த ஆள், நாயின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து எங்கள் சோறு நாய்களிடமிருந்துதான் வருகிறது.

நான் முதுகலைப் பட்டம் வாங்கியவள். என் வேலை, கேமராவுக்குப் பின்னால் மண்டியிட்டு ரப்பர் வாத்தைக் கீச்சென்று அழுத்துவது. அந்தச் சத்தம் கேட்டால் நாய் தலையைச் சாய்த்துப் பார்க்கும், அந்த நொடியில் இவர் எடுக்க வேண்டும். எந்த நாயும் மூன்று கீச்சுக்கு மேல் ஏமாறாது. நான்காவது கீச்சுக்கு நான்தான் முட்டாள் என்பதுபோல ஒரு பார்வை பார்க்கும். அதற்குள் எச்சில் துடைக்க வேண்டும், பிஸ்கட்டைக் காட்ட வேண்டும், காட்டியதைக் கொடுக்காமல் இருக்க வேண்டும்.

மிச்சமெல்லாம் கம்ப்யூட்டரில். கழுத்துக் கயிற்றையும் அதைப் பிடித்திருக்கும் கையையும் அழிப்பார். கண்ணோரத்து அழுக்கை எடுப்பார். நான்காம் படத்திலிருந்து நாக்கு, ஒன்பதாம் படத்திலிருந்து காது என்று கொண்டுவந்து பொருத்துவார். ஒரு சமயம் அவர் செய்த படத்தில் முழுசாக ஒரே நாய் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகமே வந்தது. கேட்டால், நாய் வீட்டில் இருக்கிறது, இது படம் என்பார்.

இதில் அவருக்குப் பிடித்த வேலை, படத்தைத் திருப்பிப் போடுவது. நாய் இந்தப் பக்கம் பார்த்தால் நன்றாயில்லை, அந்தப் பக்கம் பார்த்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றினால் ஒரே தட்டு. கண்ணாடியில் தெரிவதுபோல எல்லாம் பக்கம் மாறிவிடும். மனிதர்கள் படத்தில் இதைச் செய்ய முடியாது. சட்டைப் பை காட்டிக்கொடுத்துவிடும், வகிடு காட்டிக்கொடுத்துவிடும். நாய்க்குச் சட்டைப் பையா இருக்கிறது? அவருக்கோ இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆறு வருஷத்தில் எத்தனை நாய்களைப் புரட்டிப் போட்டிருப்பாரோ, ஒருவர்கூட வந்து கேட்டதில்லை. இது எனக்கும் தெரியும். நானும் வாயைத் திறந்ததில்லை.

தபால் அக்காவின் நாயை எடுத்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அக்கா தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருக்கிறார். தனி ஆள். ஒரு நாள் காலையில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்ததாம். பெறுநர் முகவரி இல்லாததால் தானே வைத்துக்கொண்டதாகச் சொல்வார். அதனால் பெயர் பொட்டலம். உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு வட்டம். அந்தப் பக்கத்துக் காதின் ஓரம் இரும்புக் கேட்டில் மாட்டி விரல் நக அளவுக்குக் கிழிந்திருந்தது.

அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை. சுவரில் தன் படமும் பொட்டலத்தின் படமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அக்கா சொன்னபடி திரும்பி உட்கார்ந்தார். பொட்டலம் உட்காரவில்லை. கதவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பார்த்தது. நான் வாத்தை அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் இவர். எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று சொல்ல வேண்டியதில்லை. கை சும்மா இராமல் காதின் கிழிசலையும் அடைத்துவிட்டார். அக்கா படத்தைப் பார்த்து, ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறானே என்று பூரித்துப் போனார்.

போன வாரம் அக்கா மாடி ஏறி வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன. வெளிக் கேட்டை யாரோ திறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பொட்டலத்தைக் காணோம், அன்றோடு நாலு நாள். அக்காவின் பழைய போன் போன மாதம்தான் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, அதிலிருந்த படங்களெல்லாம் போய்விட்டன. மிஞ்சியது நாங்கள் எடுத்த படம் ஒன்றுதான். அதைப் போட்டு, 'காணவில்லை. வலது கண்ணைச் சுற்றிக் கறுப்பு வட்டம்' என்று எழுதி ஐம்பது தாள் அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டியிருந்தார். இப்போது இன்னும் நூறு வேண்டுமாம்.

இவர் பிரிண்டரை ஓட விட்டார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, யார் யாரோ என்னென்னவோ படம் அனுப்புகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் கழுதைக்குட்டியின் படத்தை அனுப்பியிருந்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"இதைப் பாரும்மா. ரெண்டாவது நாளே வந்தது. யாரோ டெய்லராம், கடைக்கிட்ட மழையில நனைஞ்சு நின்னுச்சாம். பாத்ததும் நெஞ்சே நின்னுபோச்சு. அப்புறம் நோட்டீஸை வெச்சு ஒண்ணொண்ணாப் பாத்தேன். வட்டம் இந்தப் பக்கம் இருக்கு. காது வேற கிழிஞ்சிருக்கு, நம்ம பையனுக்கு அது எப்பவோ முடி மூடி ஆறிப்போச்சுன்னே நெனச்சிருந்தேன், நோட்டீஸ்லயும் கிழிசல் இல்லை. நம்ம பையன் இல்லைன்னு எழுதிட்டேன்."

நான் இவரிடம் போனைக் காட்டினேன். பார்த்தார். முகம் செத்துவிட்டது. பிரிண்டர் ஆறாவது தாளையோ ஏழாவது தாளையோ துப்பிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டுப் பின் அறைக்குள் போனார். நானும் போனேன்.

அந்தக் காது நான் அடைத்த காதுதான் என்றார். நிச்சயமா என்று கேட்டேன். காது நிச்சயம், பக்கம்தான் தெரியவில்லை என்றார். படத்தைத் திருப்பினீர்களா இல்லையா என்று கேட்டேன். திருப்பியிருப்பேன், இல்லை, அந்த வாரம் மூன்று நாய் எடுத்தோம், எதைத் திருப்பினேன் என்று தெரியவில்லை என்று திருதிருவென்று விழித்தார். முதலில் எடுத்த படங்களை இடம் அடைக்கிறதென்று எப்போதோ அழித்துவிட்டிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேலா, இரண்டு வருஷமாக அந்த நாயைப் பார்த்தும் வட்டம் எந்தக் கண்ணில் என்று சொல்லத் தெரியாத என் மேலா, அதுவும் புரியவில்லை. பிஸ்கட் கொடுத்த கை என்னுடையது. அந்த முகத்துக்கு நேரே அரை மணி மண்டியிட்டிருக்கிறேன். கண்ணை மூடி நினைத்துப் பார்த்தால் சுவரில் மாட்டிய படம்தான் வருகிறது, நாய் வரவில்லை.

"வேற யாரோட நாயாவோ இருந்துட்டா? அக்காவை மறுபடியும் நம்ப வெச்சு ஏமாத்தின மாதிரி ஆயிடும்" என்றார்.

நியாயம்தான். அந்த நியாயத்துக்குள் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறார் என்பதும் எனக்குத் தெரிந்தது. சொன்னால், படத்தைப் புரட்டுகிற விஷயம் வெளியே வரும். ஏன் புரட்டினாய், எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். முப்பது நாற்பது வருஷமாகக் கூடவே நடந்து போய் வழி காட்டி மறைத்த சமாச்சாரம் நடுத்தெருவுக்கு வரும். நீயே சொல்லிவிடேன் என்றார். முடியாது என்றேன். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் முடியாது என்றேன்.

வந்து சொன்னார். பாதியை மென்று முழுங்கிச் சொன்னார். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திருப்பிப் போடுவது என்றால் என்ன, நாயைத் திருப்பியா உட்கார வைத்தீர்கள் என்று கேட்டார். பிறகு மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்று ஆரம்பித்தோம். அக்கா ஒரு கண்ணைப் பொத்தி, இந்தக் கண் என்றார். நான் எதிரே நின்று, அப்படியானால் இது என்று என் கண்ணைப் பொத்தினேன். நமக்கு வலமா, நாய்க்கு வலமா என்று கேட்டேன். படத்தில் நமக்கு இடது பக்கம் தெரிந்தது, அதனால் அவனுக்கு வலது என்று எழுதினேன் என்றார் அக்கா. அப்போது அவனை நேரில் நினைத்துப் பாருங்கள் என்றேன். நினைத்துப் பார்த்தார். வாய் கோணியது.

"படம்தாம்மா வருது" என்றார்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல மூன்று பேரும் நின்றோம். அப்போது இவர் பிரிண்டரிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். தாளைப் பின்பக்கமாகப் புரட்டிக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். வெயில் ஊடுருவி, எழுத்தெல்லாம் பக்கம் மாறிப் போய், பொட்டலம் மறு பக்கம் திரும்பிப் பார்த்தது. அந்தத் தாளின் முதுகிலேயே, வட்டத்துக்கு மேலிருந்த காதின் ஓரத்தில், பேனாவால் விரல் நக அளவுக்கு ஒரு வெட்டு வரைந்தார். அக்கா எழுந்து போய், போனில் இருந்த டெய்லர் கடை நாயை அதன் பக்கத்தில் வைத்துப் பிடித்தார்.

வட்டமும் வெட்டும் அப்படியே பொருந்தின. இடமா வலமா என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை.

நான்தான் எண்ணை அழுத்தி அக்காவிடம் கொடுத்தேன். டெய்லர் எடுத்தார். குரலில் எரிச்சல். நீங்கள்தானே இல்லை என்று எழுதினீர்கள் என்றார். வீடு மாற்றிக்கொண்டு வெளியூர் போகிற ஒரு தம்பதிக்கு நாயைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம். சாமான் ஏற்றியாகிவிட்டதாம், இன்னும் முக்கால் மணியில் கிளம்புகிறார்களாம். இல்லை என்று சொன்னவர் இப்போது ஆமாம் என்றால் எதை நம்புவது என்று கேட்டார். நோட்டீஸில் வலது என்று போட்டிருக்கிறது, இங்கே இருப்பது இடது, எது சரி, ஒரே ஒரு பதில் சொல்லுங்கள் என்றார். அக்கா போனை இவர் கையில் திணித்தார்.

வலதா இடதா என்று டெய்லர் மறுபடி கேட்டது எனக்கே கேட்டது. இவர் ஒரு மூச்சு இழுத்தார்.

"எனக்கு இடது வலது தெரியாதுங்க. சின்ன வயசுலேர்ந்தே தெரியாது. படத்தைத் தப்பாப் பண்ணது நான்தான், அந்த அக்கா இல்ல. நாங்க வர்ற வரைக்கும் நாயைக் குடுத்துடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. வாங்க, ஆனால் அவர்கள் கிளம்பினால் நான் நிறுத்தி வைக்க முடியாது என்று டெய்லர் வைத்துவிட்டார்.

எங்கள் பழைய வேனில் பின்துணிச் சுருளுக்கும் விளக்குக் கம்பிகளுக்கும் நடுவில் அக்கா உட்கார்ந்தார். நான் முன்னால். என் பக்கம், உங்க பக்கம், நேரே, மறுபடி உங்க பக்கம் என்று தொண்டை காயச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு முச்சந்தியில் பதற்றத்தில் நான் வாய் தவறி வலது என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், மனிதர் வண்டியை நடு ரோட்டில் நிறுத்திவிட்டார். பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது. அக்கா பின்னாலிருந்து, தம்பி போங்க தம்பி, எந்தப் பக்கமாவது போங்க என்றார். அழுகையும் சிரிப்பும் இல்லாத ஒரு குரல். எனக்கு உடம்பு கூசியது.

டெய்லர் கடை ஒரு சந்தின் முனையில் இருந்தது. வாசலில் சாமான் ஏற்றிய லாரி ஒன்று இஞ்சின் ஓடியபடி நின்றது. கடைக்குள், தையல் மெஷினின் காலில் துணிக் கிழிசலால் கட்டப்பட்டு, ஒரு வெள்ளை நாய் படுத்திருந்தது. சடை பிடித்த முடியை டெய்லர் வெட்டிவிட்டிருந்தார். அதனால் காதின் கிழிசல் பளிச்சென்று தெரிந்தது. உடம்பு மெலிந்திருந்தது. வெளியூர் போகிற அந்தத் தம்பதியில் மனைவி அதன் முன்னால் குனிந்து கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா இரண்டடி தள்ளியே நின்றுவிட்டார். அப்போதும் அவர் கண் சந்தேகத்தோடு காதையும் வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தது. கையில் நோட்டீஸ் இருந்தது, அதைத் தூக்கிப் பார்க்கப் போனார். இவர் அதை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"அதைப் பாக்காதீங்க அக்கா. அது நான் செஞ்சது. அவனைப் பாருங்க."

நாய் யாரையும் ஆராய்ச்சி செய்யவில்லை. கட்டு அவிழ்ந்த கையோடு எழுந்தது. அந்தப் பெண்ணைத் தாண்டி, பிஸ்கட் கொடுத்த என்னைத் தாண்டி, நேரே போய் அக்காவின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஊளையிட்டது. அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள், டெய்லரைப் பார்த்தாள், வெளியே போய் லாரியில் ஏறிக்கொண்டாள்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். தடவவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தொடத் தனக்கு உரிமை இல்லை என்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னை இல்லைன்னு எழுதிட்டேன்டா" என்றார். "ரெண்டு நாள் முன்னாடியே வந்திருக்கலாம். உம்மூஞ்சியைப் பாத்துட்டு, இது அவன் இல்லைன்னு எங்கையாலயே எழுதி அனுப்பிட்டேன்."

பொட்டலத்துக்கு அது எதுவும் புரியவில்லை. வாலை ஆட்டி ஆட்டி அவர் மடியில் ஏறப் பார்த்தது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்தான் புரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் டெய்லர் கடைத் தரையில் சிதறிக் கிடந்த நூல் துண்டுகளைப் பார்த்தபடி நின்றோம்.